இடுப்பில் கட்டிய துண்டு

தென்காசி
11–2–1936

சிரஞ்சீவி மைத்துனன் சிவனணைந்தபெருமாளுக்கு அத்தான் தாணுமாலயன் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அக்கா குழல்வாய்மொழியும் குழந்தைகள் இருவரும் காசிவிசுவநாதர் கிருபையில் சௌக்கியம். மெட்ராஸ் தண்ணீரில் உனக்கு வயிற்று வலி என்று எழுதியிருந்தாய். சீரகத்தை வறுத்துப் போட்டுக் குடிக்கும்படி அக்கா சொல்லச் சொன்னாள்.

நிற்க. மவுண்ட் ரோட்டுத் துப்பாக்கிக் கடையில் நீ ரிப்பேர் வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. ஒரு நாளாவது உன் தொழிலைப் பற்றி நான் விசாரித்ததில்லை. இப்போது விசாரிக்கிறேன். எனக்கு ஒரு கைத்துப்பாக்கி வேண்டும். பெட்டிக்குள் பூட்டி வைப்பதற்கல்ல. எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் தினமும் மேலேயே இருக்க வேண்டும். இருப்பது ஒருவருக்கும் தெரியக் கூடாது.

லைசென்ஸுக்குக் கலெக்டரிடம் மனுப் போட்டாயிற்று. தாசில்தார் கூப்பிட்டு என்ன காரணம் என்று கேட்டார். இலஞ்சி வயலில் பன்றித் தொல்லை என்றேன். "பன்னி என்ன, கட்டிப் பிடிக்கவாவே வருது?" என்று சிரித்தார். அப்புறம் உள்ளதைச் சொன்னேன். உயிருக்குப் பயம் என்றேன். சிரிப்பதை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டார்.

உன்னிடம் மறைப்பானேன். கண்ணனூர் ஜெயிலிலிருந்து நம் மடைக்காவல் பேச்சிமுத்து இந்த ஆவணியில் வெளியே வருகிறான். இலஞ்சி மடையில் பரமசிவன் மண்வெட்டியால் வெட்டுப்பட்டுச் செத்த கேஸில் கண்ணால் பார்த்த சாட்சி நான் ஒருவன்தான். தீர்ப்பு ஆன அன்று கூண்டை விட்டு இறங்கும்போது அவன் என்னைப் பார்த்து, "திரும்பி வந்து கேட்டுக்கிடுதேன்" என்றான். நீ அதற்குள் மெட்ராஸ் போய்விட்டாய், அக்கா எழுதியிருப்பாள். அவன் கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது.

எது நல்லது, எங்கே எப்படி வைத்துக்கொள்வது, எல்லாம் விவரமாக எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தாணுமாலயன்

•

சென்னை
20–2–1936

அத்தான் அவர்களுக்கு சிவனணைந்தபெருமாள் அநேக நமஸ்காரம். தங்கள் ஆசீர்வாதத்தால் இங்கு சௌக்கியம். சீரகத் தண்ணீர் குடித்தேன், வலி நின்றது. அக்காவுக்குச் சொல்லவும்.

தாங்கள் கேட்ட விஷயம். கடைக்கு வருகிற மிராசுதார்கள் எல்லாரும் முதலில் பட்டாளத்து ரிவால்வரைத்தான் கையில் எடுப்பார்கள். அது அம்மிக்குழவி கனம். மடியில் செருகினால் வேட்டியோடு கீழே வந்துவிடும். தங்களுக்கு அது வேண்டாம். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன பிஸ்டல் ஒன்று பெல்ஜியத்திலிருந்து வருகிறது. இருப்பதே தெரியாது. ஆனால் உள்ளே ஏகப்பட்ட வில்லும் சுருளும். குற்றாலச் சாரலில் நாலு நாள் துடைக்காமல் விட்டால் இறுகிவிடும். தோட்டா ஒன்று வெடிக்காமல் போனால் இரண்டு கையாலும் பிடித்து இழுத்து வெளியே தள்ள வேண்டும். பதறுகிற நேரத்தில் இரண்டு கைக்கு எங்கே போவது?

என் யோசனை முப்பத்திரண்டு போர் ரிவால்வர்; போர் என்பது குழல் துவாரத்தின் அளவு. குழல் மூன்று அங்குலம், ஐந்து தோட்டா. ஒன்று வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது தானாக வந்து நிற்கும். அதிலும் குதிரை வெளியே தெரியாத ஜாதியாக வாங்க வேண்டும். குதிரை என்பது பின்பக்கம் கொக்கி மாதிரித் தூக்கிக்கொண்டு நின்று தோட்டாவின் முதுகில் அடிப்பது. அது வெளியே இருந்தால் எடுக்கிற அவசரத்தில் துணியில் மாட்டும்.

துப்பாக்கியை விட உறைதான் முக்கியம். விசையை அது முழுக்க மூட வேண்டும். அதன் வாய் விறைப்பாகத் திறந்தே இருக்க வேண்டும். என்றைக்கும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், கை தேடக் கூடாது. அதற்குக் கெட்டியான பசுத்தோல்தான் சரி. கோட்டுப் போடுகிற துரைமார் அக்குளுக்குக் கீழே தொங்கவிடுகிறார்கள். தங்கள் உடுப்புக்கு எது தோது என்று எழுதினால் நானே தைத்துத் தருகிறேன்.

இங்கே வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. குழந்தைகளுக்கு என் அன்பு.

சிவனணைந்தபெருமாள்

•

தென்காசி
8–3–1936

சிரஞ்சீவி சிவனணைந்தபெருமாளுக்கு ஆசீர்வாதம். எல்லாரும் சௌக்கியம். சின்னவளுக்குப் பல் விழுந்தது. அதைக் கூரைமேல் எறிந்துவிட்டு, முளைத்ததா என்று தினமும் கண்ணாடி பார்க்கிறாள்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீ சொல்வதெல்லாம் சட்டை போடுகிறவனுக்குச் சரி, மாப்பிள்ளை. எனக்கு வேட்டியும் தோளில் ஒரு துண்டும்தானே. இருப்பது ஒரே கோட்டு. அதுவும் சாட்சி சொல்லப் போகிறபோது தைத்தது. அதன் பிறகு பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. வெறும் மேலோடு இருக்கிறவன் எதை எங்கே மறைக்கிறது?

பசுத்தோல் ஆகவே ஆகாது. காலையும் மாலையும் கோயிலுக்குப் போகிறவன் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு சந்நிதியில் எப்படி நிற்பது? துப்பாக்கியோடு மட்டும் நிற்கலாமா என்று நீ கேட்பாய். அது வெறும் இரும்பு. சுவாமி கையிலும் ஆயுதம் இருக்கிறது.

இன்னொன்று. குதிரை வெளியே இருக்கிறதாகவே அனுப்பு. அதைத் தூக்கும்போது டக்கென்று ஒரு சத்தம் வருமாமே, இங்கே சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். அந்தச் சத்தத்திலேயே அவன் போய்விட்டால் நல்லதுதானே? சுட வேண்டும் என்று எனக்கு ஆசையா என்ன?

நேற்று பாவூர்சத்திரம் சந்தையில் பேச்சிமுத்துவின் அம்மா முப்பிடாதி கத்தரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். அவளாகவே கூப்பிட்டு, "ஆவணியில வாரான் அய்யா" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். நான் ஒன்றும் வாங்காமலே வீடு திரும்பினேன்.

நீ பேச்சிமுத்துவைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது. பதில் சீக்கிரம் எழுது.

தாணுமாலயன்

•

சென்னை
2–5–1936

அத்தான் அவர்களுக்கு நமஸ்காரம். பதில் எழுதத் தாமதித்ததற்கு மன்னிக்கவும். கடையில் ஒரு ராஜாவின் வேட்டைத் துப்பாக்கிகள் பதினெட்டும் ஒரே சமயத்தில் வந்துவிட்டன. அக்காவும் குழந்தைகளும் சௌக்கியம்தானே.

லைசென்ஸ் நகல் வந்து சேர்ந்தது. ரிவால்வர் இந்த வாரம் ரயில் பார்சலில் புறப்படும். கைக்கு வந்ததும் போலீஸ் ஸ்டேஷனில் காட்டிப் பதிந்துகொள்ளவும்.

பசுத்தோல் ஆகாது என்று எழுதியிருந்தீர்கள். கித்தான் துணியில் ஒன்று தைத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. பிறகுதான் யோசனை வந்தது. மான்தோல் மேல் உட்கார்ந்து ஜபமே பண்ணுகிறார்களே, அதற்குக் குற்றம் இல்லையே. மான்தோலில் தைத்திருக்கிறேன். ஆனால் அது பசுத்தோல் மாதிரி விறைப்பாக நிற்காது. ஈரம் பட்டால் தொய்ந்துவிடும். சாரல் தொடங்கினால் தினமும் அடுப்படியில் காயவைத்துப் பிறகு கட்டிக்கொள்ளவும்.

தாங்கள் சொன்னபடி குதிரை வெளியே உள்ளதே அனுப்புகிறேன். அதன் நுனியை அரம் போட்டு மழுக்கியிருக்கிறேன். இருந்தாலும் அது மாட்டக்கூடியதுதான். அது நிற்கிற இடத்துக்கு நேரே தோட்டா போட வேண்டாம், ஐந்தில் நாலு போதும். எடுக்கும்போது விரல் விசைக்குள் போகவே கூடாது. இந்த ஒன்றை மட்டும் குழந்தைகள் பேரில் ஆணையாக நினைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டு ஆள் ஓடுவான் என்று நம்ப வேண்டாம். வெளியே தெரிகிற துப்பாக்கிதான் எதிராளியைப் பயமுறுத்தும். மறைத்து வைத்தது வைத்திருக்கிறவரைத்தான் பயமுறுத்தும். எட்டு வருஷமாகப் பார்க்கிறேன்.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

சிவனணைந்தபெருமாள்

•

தென்காசி
30–5–1936

சிரஞ்சீவி சிவனணைந்தபெருமாளுக்கு ஆசீர்வாதம். இங்கு எல்லாரும் சௌக்கியம் என்றுதான் எழுத வேண்டும்.

சாமான் வந்து சேர்ந்தது. உன் கைவேலை அழகு. மான்தோலின் ரோமத்தைக்கூட உள்பக்கம் வைத்துத் தைத்திருக்கிறாய். அன்றைக்கே இடுப்பில் கட்டி, அதன்மேல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். கத்திரி வெயிலில் கோட்டு! தெருக்கோடி போவதற்குள் மூன்று பேர் எங்கே கேஸ் என்று கேட்டுவிட்டார்கள். சந்தையில் ஒருவன், "துரை வாராரு, வழி விடுங்கலே" என்றான். ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று ஒரு காரியம் பண்ணினால் ஊரே திரும்பிப் பார்க்கிறது. நாலாம் நாள் உடம்பெல்லாம் வேர்க்குரு. கோட்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன்.

கோயிலில்தான் வழி தெரிந்தது. சந்நிதியில் எல்லாரையும் போல் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினேன். குனிந்து பார்த்தால் துப்பாக்கி இருந்த இடம் தெரியவில்லை. துண்டு அகலமாக, மடிப்பு மடிப்பாக அதை மூடியிருந்தது. வெளியே வந்த பிறகும் அவிழ்க்கவில்லை. அப்படியே வீட்டுக்கு வந்தேன். அன்றையிலிருந்து அப்படித்தான்.

உனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். சுவாமிக்கு முன்னால் தவிர வேறு எங்கேயும் நான் துண்டை இடுப்பில் கட்டியவன் இல்லை. நமக்கு முன்னால் அப்படிக் கட்டி நிற்கிறவர்களைப் பார்த்தே வளர்ந்தோம். இப்போது நான் அந்தக் கோலத்தில் கடைத்தெருவில் நடக்கிறேன். நேர்த்திக்கடனா என்று ஐயர் கேட்கிறார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். இலஞ்சி வயலில் என் முன்னால் நிற்கவே ஆட்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. என்னமும் தப்புப் பண்ணிவிட்டோமா என்று ஒருவன் கேட்டே விட்டான். போகட்டும், உயிர் இருந்தால் மரியாதை பிறகு வந்து சேரும்.

கண்ணனூரிலிருந்து சேதி. நன்னடத்தைக்கு நாள் கழித்து அவனை முன்கூட்டியே விடுகிறார்களாம். ஆவணி இல்லை, ஆனியிலேயே வந்துவிடுவான். நீ ஏதாவது எழுது. துப்பாக்கியைப் பற்றி இல்லாமல் ஏதாவது எழுது.

தாணுமாலயன்

•

தென்காசி
21–6–1936

தம்பி சிவனணைந்தானுக்கு அக்கா குழல்வாய்மொழி எழுதியது. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று குற்றாலத்து அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். அத்தானுக்கு இது தெரியாது.

சாரல் தொடங்கி அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து முதல் சாரலுக்குக் குற்றாலம் போகாமல் இருந்ததில்லை. இந்த வருஷம் போகவில்லை. ஈரத்துண்டோடு நின்றால் இடுப்பில் இருப்பது தெரிந்துவிடும், கழற்றி வைத்தால் யார் பார்த்துக்கொள்வது என்கிறார்கள் அத்தான். கோயிலுக்குப் போவதும் நின்றுவிட்டது. கீழே விழுந்து கும்பிட முடியவில்லையாம். சின்னவள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்கிறவள். போன வாரம் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். விழுந்து முழங்கையில் சிராய்ப்பு. இப்போது அவள் அப்பா வந்தால் அடுக்களைக்குப் போய்விடுகிறாள். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் தனியாக உட்கார்ந்து அழுதார்கள். நான் பார்த்தேன்.

உன் கடிதங்களையும் படித்தேன். மான்தோல் எழுதியிருக்கிறாய், குதிரை எழுதியிருக்கிறாய். யாருக்குப் பயந்து இதெல்லாம் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. எட்டு வருஷமாக நானும் சொல்லவில்லை, அத்தானும் சொல்லவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன். அந்த மண்வெட்டி உன் கையில் இருந்தது. தண்ணீர்த் தகராறில் நீதான் பரமசிவனை வெட்டினாய். பேச்சிமுத்து உன் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, "வீட்டுக்கு ஓடுங்க சின்னவுகளே" என்று உன்னைத் தள்ளிவிட்டான். ஆட்கள் வந்தபோது அவன் கையில் இருந்தது. எல்லாவற்றையும் அத்தான் வரப்பில் நின்று பார்த்தார்கள். அத்தான் வந்து உண்மையைச் சொல்லுவார்கள், தன்னை விட்டுவிடுவார்கள் என்று அவன் நம்பிக்கொண்டே இருந்தான். நீ சேறு காலோடு கொல்லைப்புறம் வந்து நின்றாய். அந்த வேட்டியை நான்தான் துவைத்தேன். எனக்காகத்தான் அவர்கள் கூண்டில் ஏறிப் பொய் சொன்னார்கள். நான்தான் காலில் விழுந்து கேட்டேன்.

நான் உன்னை வளர்த்தவள், உன்னைக் கடிந்து பேச எனக்கு வாய் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. இந்த வீட்டில் யாராவது சாகப்போகிறார்கள், அல்லது அத்தான் யாரையாவது கொல்லப்போகிறார்கள். நீ வா. வர முடியாவிட்டால் ஒரு வார்த்தை எழுது.

குழல்வாய்மொழி

•

(தபால் கார்டு)

சென்னை
1–7–1936

அத்தான் அவர்களுக்கு நமஸ்காரம். இங்கு சௌக்கியம். சாரல் காலமாதலால் ரிவால்வரைத் தினமும் துடைத்து எண்ணெய் போடவும். நல்லெண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். தனியாக ஒரு சின்ன டப்பா எண்ணெய் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அக்கா கேட்டது நினைவிருக்கிறது என்று அக்காவிடம் சொல்லவும்.

சிவனணைந்தபெருமாள்

•

தென்காசி
14–7–1936

சிவனணைந்தபெருமாளுக்கு ஆசீர்வாதம். குழந்தைகள் சௌக்கியம்.

எண்ணெய் டப்பா வந்தது. அதோடு அவனும் வந்துவிட்டான்.

வந்து ஆறு நாள் ஆகிறது. ஒன்றும் செய்யவில்லை. அதுதான் என்னை வதைக்கிறது. காலையில் இலஞ்சி மடைக்கு எதிரே உட்காருகிறான். அங்கே இப்போது வேறு காவல் ஆள் இருக்கிறான். இருந்தாலும் வாய்க்காலில் தழை அடைத்தால் இவன் இறங்கி எடுத்துப் போடுகிறான், பிறகு பழையபடி போய் உட்கார்ந்துகொள்கிறான். தலை நரைத்துவிட்டது. இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை என்று சொல்லுகிறார்கள். நான் வயலுக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது. நாற்று மஞ்சளடிக்கிறதாம்.

காப்பிக் கடையில் என்னைப் பற்றி விசாரித்தானாம். "அய்யாவ ஒருநாள் பாக்கணும், ஒண்ணு கேக்கணும்" என்றானாம். கடைக்காரன் சாதாரணமாகத்தான் வந்து சொன்னான். அன்று நான் வாசலை விட்டு இறங்கவில்லை. இன்னொன்றும் விசாரித்தானாம். அதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். "சின்னவுக மெட்ராஸ்ல சொகமா இருக்காகளா?" என்று கேட்டிருக்கிறான்.

மான்தோல் தொய்ந்துவிட்டது. அடுப்படியில் காயவைத்தால் காய்கிறது, வாசல் இறங்கினால் நனைகிறது. துப்பாக்கியை எடுத்துப் பழகலாம் என்றால் விரல் தானாக விசைக்குப் போகிறது. நீ ஆணையிட்டு எழுதியது நினைவிருக்கிறது. விரலுக்கு நினைவில்லை.

பதில் எழுது.

தாணுமாலயன்

•

சென்னை
18–7–1936

அத்தான் அவர்களுக்கு நமஸ்காரம். தங்கள் கடிதம் இன்று காலை வந்தது, உடனே எழுதுகிறேன்.

தயவுசெய்து அவனைச் சுட்டுவிடாதீர்கள். அவன் ஒன்றும் செய்ய மாட்டான். எனக்கு அது தெரியும். எப்படித் தெரியும் என்பது தங்களுக்கும் தெரியும். துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுங்கள். அவன் என்ன கேட்கிறானோ அதைக் கேட்கட்டும்.

இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை. நாலு முறை எழுதி நாலு முறை கிழித்தேன்.

சிவனணைந்தபெருமாள்

•

தென்காசி
3–8–1936

மாப்பிள்ளைக்கு.

உடம்பு சௌக்கியம்தான். யாருக்கும் காயம் இல்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்தது. பெட்டியில் பூட்டு என்று எழுதியிருந்தாய். பூட்டவில்லை. நாற்றங்காலை இனியும் பார்க்காமல் இருக்க முடியாது என்று நேற்றுக் காலை இலஞ்சிக்குப் போனேன். துப்பாக்கி இடுப்பில், அதன்மேல் துண்டு. விடாத சாரல். வாய்க்கால் கரையில் பாதி தூரம் போனபோது எதிரே பேச்சிமுத்து வந்தான். ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் சேறு.

முன்னெல்லாம் என்னைத் தூரத்தில் கண்டாலே அவன் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். நேற்று இறங்கவில்லை. துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டு நேரே வந்தான். அதைப் பார்த்ததுமே என் கை துண்டுக்குள் போய்விட்டது.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். தெரிந்துவிட்டது, இனிப் பாய்வான் என்று நினைத்தேன். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"என்னய்யா இது கோலம்" என்றான். "என் முன்னால நீங்க துண்ட இடுப்புல கட்டுததா?"

துண்டுக்குள் போன கையை நான் எடுக்கவில்லை.

"ஏன் அப்பிடிச் சொன்னியன்னு ஒரே ஒரு வார்த்தை கேக்கணும்னு எட்டு வருசமா மனசுல வச்சிருந்தேன். இனிம கேக்க மாட்டேன். இப்பிடி நிக்கியளே, இது போதும் எனக்கு."

மாப்பிள்ளை, அவன் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டான். நான் தன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் ஊர் பார்க்க இந்தக் கோலத்தில் நடக்கிறேன் என்று நினைத்துவிட்டான். வந்த நாள் முதல் காப்பிக் கடையில் கேள்விப்பட்டிருக்கிறான் போலும். ஆமாம் என்று நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதுகூடப் பொய்யாக இருந்திருக்காது.

அவன் கிட்டே வந்தான். "தோள்ல போடுங்கய்யா, பாக்கச் சகிக்கல" என்று சொல்லிக்கொண்டே என் இடுப்பு முடிச்சை அவிழ்க்கக் கை நீட்டினான். மடங்காத இரண்டு விரலும் என் வயிற்றில் பட்டன. நான் துப்பாக்கியை உருவினேன். விரல் விசையில் இருந்தது. இழுத்தேன். இழுத்தேன் என்பதை உன்னிடமாவது எழுதிவிடுகிறேன். அது வெடிக்கவில்லை. நனைந்த மான்தோல் உறை துணியாகத் தொளதொளத்து, விரலை விசைவரை விட்டுவிட்டு, துப்பாக்கியோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. குதிரைக்கு அடியில் தோல் மடிந்து மாட்டிக்கொண்டு அதை விழவிடாமல் பிடித்திருந்தது. துண்டு அவிழ்ந்து கால்மாட்டில் கிடந்தது.

அவன் துப்பாக்கியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஓடவில்லை, கையை ஓங்கவில்லை. குனிந்து துண்டை எடுத்தான். சேற்றை உதறினான். என் கையைப் பிடித்து, துப்பாக்கியை உறையோடு இடுப்பில் வைத்து, அதன்மேல் துண்டைச் சுற்றிக் கட்டினான். முடிச்சை இரண்டு தடவை இறுக்கினான்.

"துண்டு அவுந்துட்டுய்யா. நல்லாக் கட்டிக்கிடுங்க. யாராவது பாத்துருவாக."

அவ்வளவுதான் சொன்னான். அதன்பிறகு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். பாதையை விட்டு முழங்கால் சேற்றில் இறங்கி நின்று எனக்கு வழி விட்டான். நான் நடந்தேன். நாற்றங்காலைப் பார்த்தேனா, எந்த வழியாக வீடு வந்தேன், ஒன்றும் தெரியவில்லை.

துப்பாக்கியை இன்று போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன். இனி எண்ணெய் அனுப்ப வேண்டாம். சின்னவள் வந்து மடியில் உட்கார்ந்தாள். தூக்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

அவன் மடைக்கு எதிரே இன்றும் உட்கார்ந்திருக்கிறான் என்று சொன்னார்கள். துண்டு இடுப்பிலேயே இருக்கிறதாம்.

தாணுமாலயன்

•

சென்னை
9–8–1936

அத்தான் அவர்களுக்கும் அக்காவுக்கும் சிவனணைந்தபெருமாள் நமஸ்காரம்.

அந்த மான்தோலை நான் ஒழுங்காகத் தைத்திருந்தால் பேச்சிமுத்து செத்திருப்பான். அவன் பிழைத்தது என் வேலை கெட்டதால். மூன்று நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு மடையில் பரமசிவன் என்னைக் கெட்ட வார்த்தை சொன்னான், ஓங்கினேன், பட்டுவிட்டது. "ஓடுங்க சின்னவுகளே" என்றான் பேச்சிமுத்து, ஓடினேன். இன்னும் நிற்கவில்லை. எட்டு வருஷம் பகல் முழுக்க மற்றவர்களுடைய துப்பாக்கிகளைத் துடைத்தேன், ஒன்றையாவது சொந்தமாக வைத்துக்கொள்ளவில்லை. எதற்கு என்று இப்போது தெரிகிறது. எனக்கு என்மேலேயே பயம்.

கடையில் சொல்லிவிட்டேன். வருகிற சனிக்கிழமை செங்கோட்டை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். வீட்டுக்கு வருவதும் போலீஸுக்குப் போவதும் பிறகு. முதலில் நேரே இலஞ்சி மடைக்குப் போவேன். அவன் கேட்காமல் விட்ட கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அவன் என்ன செய்தாலும் சரி.

இரண்டு காரியம் செய்ய வேண்டும். மெட்ராஸில் எனக்குக் கோட்டுத்தான் இருக்கிறது, துண்டு இல்லை. அக்கா ஒரு துண்டை ஸ்டேஷன் வாசல் பூக்கடையில் கொடுத்து வைக்கவும். மெல்லிசானதாக, சிறியதாக இருக்கட்டும். அடியில் ஏதாவது இருந்தால் வெளியே தெரிகிற மாதிரி இருக்கட்டும்.

இன்னொன்று, அத்தான். நான் வருவதை அவனிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வருவேன், கீழே ஒன்றும் இருக்காது, பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தத் தடவை தாங்கள் சொன்னால் அவன் நம்புவானா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்லுங்கள்.

சிவனணைந்தபெருமாள்